துளிப்பாவும் படிப்போர் கடனும்

(படிப்போர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மூன்றே அடியுடைய ஒரு சிறு பாவைப் பற்றி முழுப் பொழுதும் பேச வேண்டுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பா சிறிதுதான். ஆயின் அதனைப் படித்துவிட்டு நாம் சொல்லும் ஒரு சொல், எழுதியவரை வளர்க்கவும் செய்யும், வாயடைக்கவும் செய்யும். எனவே இன்று நான் பாவலர்க்கு அறிவுரை கூற வரவில்லை. படிப்போராகிய நமக்குள்ள கடன் யாது என்பதையே எண்ணிப் பார்க்க வந்துள்ளேன்.

இயற்கையைப் பாடும் துளிப்பா ஒன்று இதழில் வெளிவந்தால் படிப்போர் எழுதும் மடல்கள் பெரும்பாலும் மூவகையாக அமைகின்றன. முதல் வகை, 'அருமை, மிக அருமை' என்பது. இரண்டாம் வகை, 'இரண்டாம் அடியில் ஓரெழுத்து மிகுந்துவிட்டது' என்பது. மூன்றாம் வகை, 'மூன்றாம் அடியில் வடசொல் புகுந்துள்ளது' என்பது. முதல் மடலில் அன்பு உண்டு, அறிவு இல்லை. இரண்டாம் மடலில் கணக்கு உண்டு, கண் இல்லை. மூன்றாம் மடலில் பற்று உண்டு. ஆனால் பற்று ஒன்றே பாவை வாழவைக்குமா என்பதுதான் நம்முன் நிற்கும் வினா.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இக்குறும்பாவின் பிறந்தகம் சப்பான் நாடு. பலர் கூடித் தொடுத்த நெடுந்தொடர்ப் பாட்டின் முதற்பகுதியாக இருந்தது, பின்னர்த் தனிப்பாவாகப் பிரிந்தது. 1644 முதல் 1694 வரை வாழ்ந்த பாசோ என்னும் பெரும்பாவலர் அதற்கு உயிர்கொடுத்தார். 1867 முதல் 1902 வரை வாழ்ந்த மாசவோக்கா சிக்கி அதனைத் தனிவகையாக நிலைநாட்டி, 'ஐக்கூ' என்னும் பெயரை வழக்கில் ஊன்றினார். ஐந்து, ஏழு, ஐந்து எனப் பதினேழு ஒலிகள்; பெரும்பொழுதைக் காட்டும் ஒரு சொல்; இடையில் ஓர் அறுப்பு. இவையே அதன் மரபான உறுப்புகள். நம் நாட்டில் 1916-ஆம் ஆண்டிலேயே சுப்பிரமணிய பாரதியார் சுதேசமித்திரன் இதழில் சப்பானியப் பாக்களைப் பற்றி எழுதினார். 1984-ஆம் ஆண்டில் அமுதபாரதியின் 'புள்ளிப்பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' ஆகிய தொகுப்புகள் வெளிவந்தன. அதன் பின்னர்த் துளிப்பா என்னும் இனிய பெயரோடு இவ்வகை தமிழில் வேரூன்றிவிட்டது.

ஆனால் பதினேழு என்று எண்ணுகிறோமே, எதனை எண்ணுகிறோம்? சப்பானியர் எண்ணுவது அசையன்று. நம் எழுத்தும் அன்று. அவர்கள் எண்ணுவது ஒலிப்பின் காலவளவு. குறில் ஓரளவு, நெடில் ஈரளவு, சொல்லில் நிற்கும் னகர ஒற்று ஓரளவு, இரட்டித்து வரும் வல்லொற்றின் இடைநிறுத்தமும் ஓரளவு. அந்நாட்டின் பெயராகிய 'நிப்பொன்' என்பதனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்கில் அது நான்கு. நம் மாத்திரைக் கணக்கில், குறிலுக்கு ஒன்றும் மெய்க்கு அரையுமாக, மூன்று. ஒற்று நீக்கி எழுத்தெண்ணினால் இரண்டே. ஒரே சொல் நான்காகவும் மூன்றாகவும் இரண்டாகவும் நிற்பதைக் காண்கிறீர்கள். எனவே சப்பானியரின் பதினேழும் தமிழரின் பதினேழும் ஒன்றல்ல என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். அவர்கள் அளவைக்கு அண்மையில் நிற்பது நம் மாத்திரையே; அதுவும் முற்றும் ஒத்ததன்று.

எழுத்தெண்ணிப் பாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி எழுத்துப் பதினாறு. நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு. இங்கும் பதினேழு வருவதைக் கண்டு, 'ஐக்கூ நம்மிடமிருந்தே போயிற்று' என்று கைதட்டிவிடாதீர்கள். எண் ஒத்ததனால் உறவு ஒத்ததாகாது. சான்றில்லாப் பெருமை தமிழுக்கு வேண்டுவதில்லை. சான்றுள்ள பெருமையே அதற்கு மலையளவு உண்டு. நாம் கொள்ளத்தக்கது இதுதான்: தமிழில் எழுத்தெண்ணித் துளிப்பா பாட விரும்புவோர்க்கு, ஒற்று நீக்கி எண்ணும் நம் முன்னோர் முறை ஆயத்தமாக இருக்கிறது. எண்ணாமல் மூன்றடியில் பாடுவோரும் பலர். அதுவும் ஒரு நெறியே. எண்ணிப் பாடுவேன் என்று ஒருவர் தாமே கட்டுப்பாடு பூண்டால், அக்கட்டுப்பாட்டைக் காத்தாரா என்று பார்ப்பது படிப்போர் கடன். அஃது ஆற்றின் கரையைப் பார்ப்பது போன்றது. கரையை மட்டும் அளந்துவிட்டு, நீரோட்டத்தைப் பாராமல் வீடு திரும்புதல் தகுமா?

இனி, அந்நாட்டுப் படிப்போர் எங்ஙனம் கருத்துரைத்தனர் என்று பார்ப்போம். பாசோ காலத்தில் பாக்களுக்குப் புள்ளியிட்டுக் கட்டணம் பெறும் நடுவர்கள் இருந்தனர். புள்ளி மிகுதியாகப் பெறுவதே பாவலர் பலர்க்கு நோக்கமாயிற்று. பாசோவும் அத்தகைய நடுவராக வாழ்ந்தவரே. ஆயின் 1680-ஆம் ஆண்டில் அவ்வாழ்வை உதறிவிட்டு, நகரின் புறத்தே புக்காகாவா என்னும் இடத்தில் குடிலில் அமர்ந்தார். அவரிடம் மாணவர்கள் புள்ளி பெற வரவில்லை, பேச வந்தனர். அப்பேச்சுகளுட் பலவற்றைக் கியோராய் என்னும் மாணவர் எழுதிவைத்தார். அவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின், 1775-இல் அக்குறிப்புகள் அச்சேறின. அவற்றுள் இரண்டு நிகழ்ச்சிகள் நமக்கு விளக்கு.

ஓமி நாட்டு மக்களோடு கூடியிருந்து, கழிந்துபோகும் இளவேனிலை எண்ணி இரங்கியதாகப் பாசோ ஒரு பாப் பாடினார். சோகக்கு என்பார் அதில் குறை கண்டார். ஓமி என்னுமிடத்தில் தம்பா என்று மாற்றலாம். கழியும் வேனில் என்னுமிடத்தில் கழியும் ஆண்டு என்று மாற்றலாம். சொற்கள் அசையாமல் நிற்கவில்லை என்பது அவர் கூற்று. பாசோ சினங்கொள்ளவில்லை. 'நீ என்ன கருதுகிறாய்?' என்று கியோராயைக் கேட்டார். கியோராய் விடையிறுத்தார்: ஓமியில் பேரேரி இருக்கிறது; ஏரி நீர்மேல் மென்பனிப்படலம் தவழும்போது வேனிலை விட்டுப் பிரிய உள்ளம் வருந்துதல் பொருந்தும்; ஆண்டின் கடைசியில் அங்கிருந்தால் இவ்வுணர்வு தோன்றாது; வேனிற்கடையில் தம்பாவில் இருந்தாலும் தோன்றாது. பாசோ மகிழ்ந்து, பாவைப் பற்றி உடனிருந்து பேசத்தக்கவன் நீ என்று பாராட்டினார். அவ்வேரிதான் இன்றும் பீவா என வழங்கும் பெருநீர்நிலை. தம்பாவோ மலை சூழ்ந்த உள்நாடு.

இங்கே நோக்குங்கள். குறை கூறியவர் கூறியது பழுதாயினும், அவர் எடுத்த அளவுகோல் பழுதன்று. 'இச்சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் பா கெடுமா, கெடாதா?' என்பதே அவ்வளவுகோல். அதற்கு மறுமொழி சொன்னவரும் புகழ்மொழி அடுக்கவில்லை. ஏரியைக் காட்டினார், பனிப்படலத்தைக் காட்டினார், பொழுதைக் காட்டினார். உலகத்து உண்மையைக் கொண்டே பாவின் உண்மையை நிலைநாட்டினார்.

இரண்டாவது நிகழ்ச்சி. போன்சோ என்னும் மாணவர்க்கு, வெண்பனிமேல் இரவில் மழை பெய்வதைப் பற்றி ஏழும் ஐந்துமாகப் பின்னிரண்டு பகுதிகள் கிடைத்தன. முதல் ஐந்து கிடைக்கவில்லை. பலரும் பலவாறு முயன்றனர். இறுதியில் பாசோ, கியோத்தோ நகரின் ஒரு பகுதியாகிய சிமோக்கியோ என்னும் பெயரை அங்கே வைத்தார். இதனினும் சிறந்ததொன்றை எவரேனும் வைத்தால், இனிப் பாவைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றும் சொன்னார். ஐந்தே ஒலிகளுக்காக ஓர் ஆசிரியர் தம் புகழ் முழுவதையும் பணயமாக வைத்த வீறு அது! இருவர் பாக்களும், 1691-இல் கியோராயும் போன்சோவும் சேர்ந்து தொகுத்த 'சருமினோ' என்னும் தொகையில் இடம்பெற்றுள்ளன.

இன்னொரு முறையும் அந்நாட்டில் உண்டு. ஐக்கூக் கூட்டங்களில் ஒவ்வொருவரும் தம் பாக்களைச் சிறு தாள்களில் பெயரின்றி எழுதித் தருவர். அவற்றைக் கலந்து, வேறொருவர் கையால் படியெடுப்பர். கையெழுத்தைக் கொண்டும் எழுதியவரை அறிய முடியாது. பின்னர் ஒவ்வொருவரும், முன்கூட்டி வரையறுத்த அளவில், தமக்குப் பிடித்த பாக்களைத் தெரிந்தெடுப்பர். அவை உரக்கப் படிக்கப்பெறும்போதுதான் எழுதியவர் தம் பெயரைச் சொல்லுவார். புகழ்பெற்றவர் பாவை ஒருவரும் எடுக்காமல் போகலாம். நேற்று வந்த சிறுவன் பாவைப் பலரும் எடுக்கலாம். பெயருக்குத் தலைவணங்காமல் பாவுக்குத் தலைவணங்கும் பயிற்சி இது.

இவற்றைக் கேட்டு, எல்லாம் அயலாரிடமே உண்டு என்று மயங்க வேண்டா. நூலை அவையில் வைத்து ஆராய்தல் தமிழர் தொன்மரபு. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறத் தெரித்துக் காட்டிய பின்பே தொல்காப்பியம் அரங்கேறியதாகப் பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்தார். குற்றத்தை மட்டும் வகுத்தாரல்லர் என்பதை நினைவிற் கொள்க. இயற்கையைப் பாடுதற்கு நாம் கொண்ட இலக்கணமோ முதல், கரு, உரி என்னும் முப்பொருள். சப்பானியர் வேனிலைக் காட்ட ஒரு சொல்லை நாடுகின்றனர். நாம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுது வகுத்து, நிலத்தோடும் உணர்வோடும் பிணைத்தோம். ஐங்குறுநூறு மூன்றடியிலேயே தொடங்குகிறது. சிறிய பாவில் பெரிய உலகை அடைக்கும் கலை நமக்கு அயலன்று. நாம் மறந்த ஒன்றே.

இனி நம் அவைக்கு வருவோம். இன்று காலை அமர்வில் பெயர் குறிக்காமல் படிக்கப்பெற்ற ஒரு துளிப்பாவை நீங்கள் கேட்டீர்கள்:

வற்றிய குளம்
நாரை நின்ற இடத்தில்
சோகச் சுவடு

ஒற்று நீக்கி எண்ணினால் ஐந்து, ஏழு, ஐந்து. கணக்கில் பழுதில்லை. முதலில் எழுந்த அன்பர், 'அருமை' என்றார், அமர்ந்தார். அடுத்து எழுந்த அன்பர், 'சோகம் வடசொல். துயர்ச் சுவடு என்று திருத்துக' என்றார். அவர் கூறியது சரியே. துயரச் சுவடு என்றால் ஆறெழுத்தாகும்; துயர்ச் சுவடு என்றால் ஐந்தே. கணக்கும் காத்தார், தமிழும் காத்தார். ஆயினும் பா தேறியதா என்று உங்கள் நெஞ்சைக் கேளுங்கள். துயரம் குளத்தில் இருக்கிறதா, சுவட்டில் இருக்கிறதா, சொல்லில் மட்டும் இருக்கிறதா? படிப்பவர் உள்ளத்தில் தோன்ற வேண்டியதனைப் பாவலரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். வடசொல்லால் சொன்னாலும் தென்சொல்லால் சொன்னாலும் அக்குறை அக்குறையே.

மூன்றாவதாக ஒருவர், 'ஈரச் சுவடு' என்று வைக்கலாமே என்றார். ஐந்தெழுத்துதான், அழகும் உண்டு. ஆனால் குளம் வற்றிவிட்டது என்று முதலடி சொல்லும்போது ஈரம் எங்கிருந்து வந்தது? அழகுக்காக உண்மையை விற்றல் ஆகாது.

பின்வரிசையிலிருந்து முதிய உழவர் ஒருவர் எழுந்தார். அவர் சொல் எதனையும் தரவில்லை. தாம் கண்டதைச் சொன்னார்: 'குளம் வற்றும்போது மீனெல்லாம் நடுக்குழியில் வந்து ஒடுங்கும். நாரை அதன் ஓரத்துச் சேற்றில் அசையாமல் நிற்கும். நிற்க நிற்கக் கால் புதையும். நீர் தீர்ந்ததும் அது போய்விடும். சேறு இறுகிவிடும். அந்தக் காற்குழி அடுத்த மழை வரையில் அப்படியே கிடக்கும்.' இவ்வளவே அவர் சொன்னது. அவை அமைதியாயிற்று. அப்போதுதான் அப்பாவை எழுதிய இளம்பெண் எழுந்து, தன் மூன்றாம் அடியைத் தானே மாற்றிப் படித்தாள்:

வற்றிய குளம்
நாரை நின்ற இடத்தில்
ஆழச் சுவடு

தோழர்களே, வடசொல் போயிற்று. போனதே தெரியாமல் போயிற்று. அதனிடத்தில் வந்தது அகராதியிலிருந்து எடுத்து ஒட்டிய சொல்லன்று. சேற்றிலிருந்து எழுந்த சொல். நாரை எவ்வளவு பொழுது நின்றது, எதனை எதிர்பார்த்து நின்றது, நீர் எப்படித் தீர்ந்தது என்பதெல்லாம் 'ஆழ' என்னும் ஈரெழுத்தில் அடங்கிவிட்டன. துயர் என்று சொல்லாமலே துயர் தோன்றுகிறது.

இப்போது சோகக்கின் அளவுகோலை வைத்துப் பாருங்கள். நாரை என்னுமிடத்தில் கொக்கு என்று வைத்தாலும் ஏழெழுத்தே. கணக்கு இடங்கொடுக்கிறது, பா இடங்கொடுக்கவில்லை. கூட்டமாக வயலில் மேயும் சிறு கொக்கைவிடத் தனித்து நெடும்பொழுது நிற்கும் பெரிய நாரையே ஆழச் சுவட்டுக்குப் பொருந்தும். 'வற்றிய நதி' என்றாலும் ஐந்தெழுத்தே. நதி வடசொல் என்பது ஒருபுறம் இருக்க, ஆற்று மணலில் பதிந்த சுவடு காற்றுக்கே அழிந்துவிடும். குளத்து வண்டலில்தான் அது நிலைக்கும். இப்போது இப்பாவில் எச்சொல்லும் அசையவில்லை. இதுவே பா தேறியமைக்கு அடையாளம்.

தனித்தமிழ் உணர்வுடைய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வடசொல்லைச் சுட்டிக்காட்டுவதை நாம் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. ஒருகாலும் கூறேன். அயற்சொல் புகுந்த இடத்தில் தமிழ்ச்சொல் ஒன்று பட்டினி கிடக்கிறது என்பதை அறிவேன். ஆயின், சொல்லைக் களைவதோடு நம் பணி முடிந்துவிட்டது என்று எண்ணினால், களையெடுத்த வயலில் விதைக்க மறந்த உழவர் ஆவோம். பதினெட்டு அகவைப் பிள்ளை ஒருவன் முதன்முதலாக ஒரு பா எழுதி அனுப்புகிறான். அதற்கு வரும் மடல்களில் செங்கோடுகள் மட்டும் இருந்தால் அவன் என்ன செய்வான்? எழுதுவதை விட்டுவிடுவான், அல்லது, கலப்புத் தமிழைத் தட்டிக்கொடுக்கும் இதழைத் தேடிப் போவான். இழப்பு அவனுக்கன்று, தமிழுக்கு. புதிய பா பிறக்காத மொழியில் தூய்மை இருந்தும் என்ன பயன்? வெறும் வீட்டைப் பெருக்கிப் பெருக்கி வைத்திருப்பது போலாகும்.

எனவே படிப்போர்க்கு ஐந்து வேண்டுகோள் விடுக்கின்றேன்.

ஒன்று: பாவை மும்முறை, ஒருமுறையேனும் வாய்விட்டு, படித்த பின்பே எழுதுகோலை எடுங்கள். துளிப்பாவை மும்முறை படிக்க ஒரு மணித்துளியும் ஆகாது.

இரண்டு: பாவலர் பெயரை மறைத்துக்கொண்டு படியுங்கள். நண்பராயின் குறையும், பகைவராயின் நிறையும் அப்போதுதான் கண்ணிற் படும்.

மூன்று: நிறை, குறை எதனைக் கூறினும், எச்சொல்லால் அது நேர்ந்தது என்று சுட்டுங்கள். 'நன்று' என்று நிறுத்தாதீர்கள். 'இச்சொல் இங்கே நிற்பதால் நன்று' என்று கூறுங்கள். எழுத்து மிகினும் அவ்வாறே எண்ணிக் காட்டுங்கள்.

நான்கு: வடசொல்லைக் கண்டால் சுட்டுங்கள், உடனே மாற்றுச்சொல்லை ஒட்டிவிடாதீர்கள். அச்சொல் அங்கே தேவைதானா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் அச்சொல்லோடு அக்கருத்தே மிகையாக இருக்கும்.

ஐந்து: அப்பொருளைப் பற்றி நீங்கள் கண்டறிந்த உண்மை ஒன்றேனும் எழுதி விடுங்கள். மீனவர் கடலைப் பற்றி எழுதட்டும். உழவர் வயலைப் பற்றி எழுதட்டும். ஆடு மேய்ப்போர் மழைக்குறியைப் பற்றி எழுதட்டும். பறவைக்கும் பூவுக்கும் காற்றுக்கும் எத்தனை தூய தமிழ்ச் சொற்கள் அவர்கள் நாவில் வாழ்கின்றன! அவை நம் இதழ்க்கு மடலாக வரட்டும். திருத்தும் எழுதுகோல் மட்டும் பாவலர் கையிலேயே இருக்கட்டும்.

இளம் பாவலர்களே, உங்களுக்கு ஒன்றே சொல்வேன். கருத்துரைப்போர் சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டா, எல்லாவற்றையும் கேளுங்கள். அப்பெண் மூவர் தந்த சொற்களையும் மறுக்காமல் கேட்டாள். நான்காமவர் தந்த உண்மையைக் கொண்டு தன் சொல்லைத் தானே கண்டாள்.

அன்புடையீர்! வரும் திங்கள் இதழில் ஐந்து துளிப்பாக்கள், எழுதியோர் பெயரின்றி வெளிவரும் என இதழாசிரியர் இசைந்துள்ளார். அவற்றுக்கு உங்கள் மடல்கள் வந்த பின்பே, அடுத்த இதழில் பெயர்கள் வெளியாகும். நாரையைக் கண்டவர் நாரையைப் பற்றி எழுதுக. தமிழ் வளரும், தமிழரும் வளர்வர்.